மல்லிகா இருக்கற கேம்

ஏனுங் தம்பி, கடைக்காரர் நீங்கதானுங்களா? செத்த இப்படி வாங்க. இந்த டிஸ்க்கு இருக்குதல்லோ, இதே மாதிரி இன்னொண்ணு வேணுமுங்க. இதே வேண்டாம், இதை முடிச்சாச்சு. டிராகனைக் கொன்னு, ராசாவுக்கு முடி சூட்டி, எழுத்தெல்லாம் கீழயிருந்து மேல ஓடி நின்னுபோச்சு. இதே மாதிரின்னா, குதிரை வேணும், காடு வேணும், ஊரு ஊராப் போயி ஆளுககிட்டப் பேசற மாதிரி இருக்கோணும். அப்பறம், மல்லிகா மாதிரி ஒருத்தி இருக்கோணும். அவ இல்லாட்டி மத்தது என்ன இருந்தும் வேண்டாமுங்க.

சிரிக்காதீங்க தம்பி. எங்கூட்டுக்காரரும் இப்படித்தான் சிரிப்பாரு. கல்லூரிக்குப் போற பையனை வெச்சுக்கிட்டு கத்தியத் தூக்கிட்டுத் திரியறாளேன்னு. நானாத் தூக்கலை, எனக்கு எங்க தெரியும் இதெல்லாம். பல்லடத்துக்குப் பக்கம் தறி ஓட்டற ஊடுங்க எங்களது. பையன் ஹாஸ்டலுக்குப் போகையில கேம் பெட்டியை டிவியோட உட்டுட்டுப் போயிட்டான். "தூசி மட்டும் தட்டி வெய்யிம்மா"ன்னான். தூசிதான் தட்டீட்டு இருந்தேன், தாரணி வர்ற வரைக்கும்.

தாரணி என்ற நாத்தனாருங்க. எங்கூட்டுக்காரருக்குக் கடைசித் தங்கச்சி. வெள்ளகோயில்ல குடுத்திருக்குது. நல்ல எடம். நூல் யாவாரம், சொந்த மில்லு, ஊடு பார்த்தீங்கன்னா அரமனைதான். தையில கல்யாணம். தலை ஆடிக்குப் பொண்ணு பொறந்த ஊட்டுல இருக்கோணுமல்லோ, போயி அழைச்சுட்டு வந்தோம். அந்த ஒரு மாசந்தான் தம்பி. அந்த ஒரு மாசம் மாதிரி என்ற ஆயுசுல இல்லை.

வந்தன்னிக்கு ரெண்டு பையோட வந்து நின்னா. எங்கூட்டுக்காரர், "ஆடிக்கு வர்றவளுக்கு எதுக்கு ரெண்டு பை, ஒரேயடியா வந்துட்டியா?"ன்னு வெளையாட்டுக்குக் கேட்டாரு. அவ சிரிக்கலை. ஒரு பையில பூராவும் படிச்ச சர்ட்டிபிகேட்டுக. "இதெல்லாம் எதுக்கு அம்மணி தூக்கிட்டு வந்தே?"ன்னேன். அங்க பூச்சி அரிக்குதுன்னா. அத்தாம் பெரிய ஊட்டுல பூச்சி! பொழுதோட அண்ணங்கிட்ட என்னமோ பேசோணும்னு போயி நின்னா. அவரு பாவு நூல் கணக்குப் பார்த்துக்கிட்டே, "புது ஊடுன்னா அப்படித்தான் சாமி, அனுசரிச்சுப் போகோணும்"னாரு. என்ன ஏதுன்னு அவ இன்னும் வாயே தொறக்கலை பாத்துக்கங்க. நானும் என்ற பங்குக்குச் சொன்னேன். பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகோணும், நான் ஏறாத புளியமரமான்னு. எல்லாரும் சிரிச்சோம். அவளும் கடைசீல சிரிச்சா.

மக்யாநாள் மத்தியானந்தான் அந்தப் பெட்டியைப் பார்த்துட்டு, "அண்ணி, இதை வெளையாடலாமா?"ன்னு கேட்டா.

எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா கை ஓடும். அவளுக்கு இங்கிலீசு தண்ணி பட்ட பாடு, கை ஓடாது. கத்தியை ஓங்குன்னாக் குதிரையிலிருந்து கீழ குதிச்சுருவா. அதனால ரிமோட்டு என்ற கையில. எழுத்து வந்தா அவ படிச்சுத் தமிழ்ல சொல்லோணும். யாருகிட்டப் பேசினாலும் கீழ மூணு பதில் வரும் பாருங்க, அதை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படிப்பா. நான் ரோசனை பண்ணி நம்பர் சொல்லுவேன், அமுக்குவேன். இப்படித்தான் சோத்துக் கையக் கழுவுனதுல இருந்து காப்பி வெக்கற வரைக்கும் ஓடும். அந்தக் குதிரைக்கு நாங்க ராமாயின்னு பேரு வெச்சோமுங்க. அடுத்தவன் ஊட்டுக்குள்ள புகுந்து பானைய ஒடைச்சுக் காசெடுக்கறது எனக்கு மொதல்ல கூச்சமா இருந்துச்சு. அப்பறம் பழகிப்போச்சு.

தாரணி கதை சொல்ற அழகு இருக்குதே! திரையில ஒரே ஒரு வரிதான் எழுத்து வரும். அதுக்கு அவ அரை மணி நேரம் சொல்லுவா. இங்கிலீசு அத்தனை சுருக்கமான பாஷைன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

மல்லிகா ஆத்தோரத்துக் கோட்டையில இருக்கறா. மேல, அந்த வட்டமான கட்டடத்துல, பச்சைப் போர்வை போத்திக்கிட்டு ஜன்னலோரம் நிப்பாளே, அவதான். பேரு என்னமோ இங்கிலீசுல போட்டிருந்துச்சு. "இவ பேரு மல்லிகான்னு வெச்சுக்கலாம் அண்ணி"ன்னா தாரணி. மொத நாள் போயிப் பேசறோம், "என்னை இந்தக் கோட்டைக்குக் கட்டிக் குடுத்திருக்காங்க"ன்னு சொல்றா. சோத்துக்குக் கொறையில்லையாம். நகைநட்டுக்குக் கொறையில்லையாம். வாசச் சாவி மட்டும் அவகிட்ட இல்லை. கோட்டைக்காரன் வெளிய போனா வெளிப்பக்கம் பூட்டிக்கிட்டுத்தான் போவானாம். ஊருக்குச் சேதி சொல்லி உட ஒரு புறா வெச்சிருந்தாளாம், அதைக் கோட்டைக்காரனோட ஆத்தா புடிச்சு அலமாரிக்குள்ள அடைச்சு வெச்சுட்டு ஞாயித்துக்கெழம மட்டும் வெளிய உடுமாமா. உட்டாலும் பக்கத்துலயே ஒக்காந்துக்குமாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு தம்பி. "எந்த ஊருல நடக்கும் இந்த அநியாயம்!"னு ரிமோட்டைக் கீழ வெச்சுட்டேன். தாரணி என்ற மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தா.

அப்பறம் தெனமும் அங்க போகோணும்னுதான் எனக்கு இருக்கும். காட்டுல பன்னி அடிக்கறது, மூலிகை பறிக்கறது எல்லாம் சும்மா. சாயங்காலத்துக்குள்ள மல்லிகாகிட்டப் போயிரோணும். ஒருநாள், வெளியாளுககிட்டப் பேசினா கோட்டைக்காரன் கையில சூடு வெச்சுருவான்னா. போர்வைக்குள்ள இருக்கறதால நமக்குத் தெரியலையாம். நான் அழுதே போட்டேன். நெசமா, முந்தானையில தொடச்சுக்கிட்டே அழுதேன். தாரணி என்ற தோளைப் புடிச்சுக்கிட்டா. அவ கையிலயும் அப்பத்தான் காயம் ஆறிட்டு இருந்துச்சு பாருங்க, குக்கர் ஆவி பட்டுருச்சுன்னு சொன்னா, வரி வரியா. "ஆவிக்கே இப்படி எரியுதே, அந்தப் புள்ளைக்கு எப்படி எரிஞ்சிருக்கும்"னு நான் சொன்னேன். அவளும் அழுதுட்டா. அவ்வளவு எளகின மனசுங்க அவளுக்கு. ஒரு கேமுக்கே அப்படி அழுவா.

இருங்க, அதை வெக்காதீங்க, அது வேண்டாம். அந்தக் கேமு அட்டையிலயே ஒரே பொணமா இருக்குது. மல்லிகாவைப் பத்திச் சொல்லிட்டு இருக்கறேனல்லோ.

ஆடி முடியற சமயம். டிராகன் மலைக்குக் கெளம்பறதுக்கு முன்னால கடைசியா அங்க போனோம். மல்லிகா கேக்கறா, "நீ நாளைக்குப் போயிருவே. என்னையும் கூட்டிட்டுப் போறியா?" தாரணி அதை ரெண்டு தடவ படிச்சா. பதிலைப் படின்னேன். ஒண்ணு, குதிரையில ஏறு, போலாம். ரெண்டு, பொறுத்துக்க, எல்லாஞ் சரியாயிரும். மூணு, ஒண்ணும் சொல்லாம போயிடறது. "கூட்டிட்டுப் போனா என்னாகும்?"னு கேட்டேன். அவ, "கோட்டைக்காரன் பகையாயிருவான் அண்ணி. அவன் குடுக்கற கத்தி கெடைக்காது. அந்தக் கத்தி இல்லாட்டி டிராகனை அடிக்கறது கஷ்டம்"னா.

அப்பறம் எப்படிங்க ஒண்ணை அமுக்கறது? நீங்களே சொல்லுங்க. நம்ம ஊட்டையே எடுத்துக்கங்க. எங்களுக்குப் பாவு, நூல் எல்லாமே தாரணி மாமனார் குடுக்கறதுதான். அவிய மொகத்தைத் திருப்பிக்கிட்டா எட்டுத் தறியும் நின்னுபோகும். அதே மாதிரிதான் இதுவும்னு தாரணிக்கு நல்லா எடுத்துச் சொன்னேன். அதுவுமில்லாம அவ போயி எங்க இருப்பா? குதிரையிலயே குடித்தனம் பண்ண முடியுமா? ரெண்டுன்னு சொன்னேன்.

அவ, "நிச்சயமா அண்ணி?"ன்னா. ரெண்டுதான்னேன். அமுக்கிப் போட்டேன்.

மக்யாநாள் டிராகனை அடிச்சேன். எத்தனை மொறை செத்து எந்திரிச்சேன்னு எனக்கே தெரியாது. கடைசீல அது உழுந்து, முடி சூட்டி, பாட்டெல்லாம் வந்துச்சு. "தாரணி, வந்து பாரு, செயிச்சுட்டோம்"னு கத்தறேன், வரலை. உள்ள பையைக் கட்டீட்டு இருந்தா. ஆவணி பொறந்துச்சு, மாப்பிள்ளை கார்ல வந்தாரு, கூட்டிட்டுப் போயிட்டாரு. ஒரு பையைத்தான் எடுத்துட்டுப் போனா. சர்ட்டிபிகேட்டுப் பை இன்னும் என்ற பீரோலதான் இருக்குது. எடுத்துட்டுப் போன்னா, "உங்க ஊட்டுல பூச்சி இல்லையே அண்ணி"ன்னா.

அதுக்கப்பறந்தான் தம்பி எனக்குப் புடிச்சுது சனியன்.

மத்தியானமானா வேற சோலி ஓட மாட்டேங்குது. கேம் முடிஞ்சாலும் உள்ள போயிச் சுத்த முடியுமல்லோ. போயி மல்லிகாவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலாம்னு, டிராகன் செத்துபோச்சு, இனி கத்தியெல்லாம் வேண்டாம், வா போலாம்னு சொல்லலாம்னு ராமாயியை ஓட்டிட்டுப் போனேன். மேல ஏறிப் போறேன். அதே ஜன்னல், அதே பச்சைப் போர்வை. போயி நின்னா தலையைத் திருப்பிப் பார்க்கறா. ஒரே ஒரு வரி பேசறா. ஒண்ணை அமுக்கறேன். ஒரு பொட்டி தொறக்குது, உள்ள பூராவும் மருந்து பாட்டலு. செகப்பு பாட்டலு, நீல பாட்டலு. மூடிட்டு மறுபடி போறேன். மறுபடியும் அதே பாட்டலு. ரெண்டை அமுக்குனா என்றகிட்ட இருக்கற பொட்டி தொறக்குது. மூணை அமுக்குனாத் தலையை அக்கட்டால திருப்பிக்கறா. எத்தனை நாளு, எத்தனை மொறை! நான் அங்கிட்டுப் போனா அங்கிட்டுத் தலையைத் திருப்பறா, இங்கிட்டு வந்தா இங்கிட்டு. பார்க்கறா தம்பி. கண்ணைச் சிமிட்டாம பார்க்கறா.

அதனாலதான் டிஸ்க்கையும் கொண்டாந்தேன். கீறல் ஏதும் உழுந்திருக்குதான்னு பாருங்க. பேச்செல்லாம் அழிஞ்சுபோயி அந்த ஒரு வரி மட்டும் மிச்சம் இருக்குது. அடுப்புக்கு முன்னால நின்னாலும் அதுதான் காதுல கேக்குது. தறிச் சத்தத்துலயே கேக்குதுன்னா பாருங்க. எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. அர்த்தந்தான் தெரியாது. "வாட் வில் இட் பீ டுடே, டிராவலர்." அப்படீன்னா என்னங்க? என்னை ஏன் உட்டுட்டுப் போனேன்னு கேக்கறாளா?

இன்னிக்கு என்ன வேணும்னா? அவ்வளவுதானா? நல்லாத் தெரியுமுங்களா உங்களுக்கு?

கீறல் இல்லையா. சரி. அப்பறம் என்ன?

மருந்துக்காரியா? அவ வெறும் மருந்து விக்கறவளா? யாரு சொன்னா? நீங்க முழுசா வெளையாடலைன்னு நெனைக்கறேன் தம்பி. கோபிச்சுக்காதீங்க. கடை நடத்தறவங்க எல்லாத்தையும் முடிச்சுப் பார்க்க முடியுமா? புருசனும் இல்லை, சூடும் இல்லை, புறாவும் இல்லைங்கறீங்க. நான் ஒரு மாசம் ஒக்காந்து கேட்டேனுங்க. தாரணி வாயால கேட்டேன். அவளுக்குப் பொய் சொல்லவே வராது.

நீங்க உடுங்க. நான் தாரணியவே கேட்டுக்கறேன். அதுக்குத்தானே ஞாயித்துக்கெழமயாப் பார்த்து வந்தேன். மத்த நாள் அவளுக்குப் போன் எடுக்க நேரமில்லை, அவிய மாமியார் பத்திரமா வாங்கி வெச்சுக்குவாங்க. ஞாயித்துக்கெழம குடுப்பாங்க. இப்படி ஒரு நல்ல மனசு எந்த மாமியாருக்கு வரும், போன்ல கெட்டுப்போற இந்தக் காலத்துல! அந்த அடுக்குல இருந்து ஒண்ணைக் குடுங்க. எதுவானாலுஞ் சரி. பின்பக்கம் எழுத்து இருக்கறதாக் குடுங்க, கதை அங்கதான போட்டிருக்கும். வீடியோல காட்டுனா அவ படிச்சுச் சொல்லீருவா, மல்லிகா இருக்கறாளா இல்லையான்னு.

ஆங், தாரணி! தெரியறனா? எளைச்சுட்டியே அம்மணி. சம்பந்தியம்மா, பக்கத்துலதான் இருக்கறீங்களா? நல்லா இருக்கறீங்களா? ஒண்ணுமில்லீங்க, கேம் ஒண்ணு வாங்கலாம்னு வந்தேன், இங்கிலீசுல இருக்குது, புள்ளை படிச்சுச் சொல்லட்டும்னு. சித்த நேரந்தானுங்க.

தாரணி, இதைப் பாரு. எழுத்துத் தெரியுதா? இன்னும் கிட்டக் காட்டட்டுமா? படி.

ம். ம்… கேக்கறீங்களா தம்பி, இதுலயும் ஒருத்தி கோட்டைக்குள்ள இருக்கறாளாமா! நான் சொன்னனல்லோ! ம், அப்பறம்? போன கதையில இருந்த அதே பொண்ணா? அவ இன்னும் அங்கயேதான் இருக்கறாளா? ஐயோ. ம். இப்ப ரெண்டு கையிலயுமா? அட பாவி. இனி ஆடி வந்தாலும் அனுப்ப மாட்டாங்களாமா… இத்தனையும் அந்த அட்டையிலயே போட்டிருக்குதா அம்மணி? சரி சரி, நீ படி. அதே குதிரைக்காரன் மறுபடி அந்தப் பக்கம் வர்றானா? வந்து? அவ கேக்கறா. என்ன கேக்கறா? மெதுவாப் படி. "இந்தத் தடவ என்ன சொல்லப் போறே"ன்னு கேக்கறா. சரி. ஒண்ணு, குதிரையில ஏறு, போலாம். ரெண்டு, பொறுத்துக்க. மூணு…

என்னங்க தம்பி? நான் பேசிட்டு இருக்கறேனல்லோ, எதுக்குக் கையைக் கையைக் காட்டறீங்க? டப்பாவத் திருப்பவா? ஏன், இந்தப் பக்கந்தான எழுத்து… ரேஸா?

கார் ரேஸுங்களா இது?

கோட்டை இல்லீங்களா? இதுல பொண்ணே இல்லீங்களா? இந்தப் பக்கம் போட்டிருக்கற எழுத்துலயும்? வேகம், டயரு, ரோடு. அவ்வளவுதானா. ஒரு வரி கூட இல்லீங்களா.

தாரணி.

இல்லை அம்மணி, இருக்கறேன். கேட்டுட்டுத்தான் இருக்கறேன். உன்ற மூஞ்சியத்தான் பார்த்துட்டு இருக்கறேன். கையைச் சித்த… வேண்டாம், வேண்டாம், காட்டாதே. நீ அப்படியே இரு. சம்பந்தியம்மா, இதா ஆயிருச்சுங்க, கதை நல்லாத்தான் இருக்குது, வாங்கிரலாம்னு… சாமி, கேளு. ஒண்ணு. நான் ஒண்ணுன்னு சொல்றேன். ஒண்ணு, தாரணி. ஒண்ணு…

கட்டாயிருச்சுங்க.

தம்பி, நீங்க பக்கத்துலதான நின்னீங்க. நான் ஒண்ணுன்னு சொன்னது அவ காதுல உழுந்துச்சுங்களா? அதுக்கு முன்னாலயே கட்டாயிருச்சா? அவ ஒதடு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெரியலை. உழுந்திருந்தா ஜன்னலோரம் வந்து நிப்பா. உழுகாட்டி இந்தத் தடவையும் நான் ரெண்டுன்னு சொல்லிப்போட்டேன்னு நெனச்சுட்டு உள்ள போயிருவா.

டப்பாவெல்லாம் எடுத்து வெச்சுருங்க. வெள்ளகோயில் பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்குமுங்க? அவிய கதவு வெளிப்பக்கம் பூட்டித்தான் இருக்கும்.